பிராண்டுக்கு 'சந்தைப்பேர்', ஸ்ட்ரக்சருக்கு 'பொறுப்படுக்கு', சரிப்பட்டு வருமா?

அண்ணாச்சி, நீங்க தொகுக்குத வணிகச் சொல் பட்டியல்ல பிராண்டுக்கு வணிகக்குறின்னு போட்டிருக்கிய, அது ஒட்டாது. டிரேட்மார்க்குக்கு அந்தச் சொல்லு எப்பவோ போயாச்சு, 1999 சட்டப்படி பதியுறது, விக்கலாம் வாங்கலாம். பிராண்டு அப்படியா? "பேரெடுத்த கடை", "பேரக் கெடுத்துட்டான்"னு சொல்லுதோம்லா, அந்தப் பேருதான் அது. நெல்லையப்பர் கோயிலுக்கு எதுத்தாப்ல இருட்டுக்கடை, மங்கின வெளிச்சத்துல அல்வா விக்கதப் பாத்து ஜனங்களே கூப்பிட்டு நெலச்ச பேரு. அதனால சந்தைப்பேர்னு வைப்போம்.

அடுத்து, ஸ்ட்ரக்சருக்கு, அதாவது கடைல யாருக்கு என்ன பொறுப்புங்கதுக்கு, நீங்க போட்ட 'நிறுவனக் கட்டமைப்பு'. கட்டமைப்புன்னா நம்மாளு ரோடு, பாலம், கரண்டுன்னுதான் நெனைப்பான். பொறுப்படுக்குன்னு வைங்க. அல்வாக் கடையவே எடுத்துக்கிடுங்க, சம்பா கோதுமைய ஊறப்போட ஒரு ஆளு, ஆட்டிப் பால் புழிய ஒரு ஆளு, நெய் எப்ப விடணும், சட்டில ஒட்டாம சுருண்டு வந்துட்டான்னு பாக்க மாஸ்டர், வெளிய கல்லா. ஒரு நாள் பதம் தப்பிட்டுன்னா இத விக்காதன்னு சொல்ல மாஸ்டருக்கு அதிகாரம் உண்டா, இல்ல கல்லால இருக்கவரு சொல்லுததுதானா? முதலாளி கண்ணு முன்னால நிக்க வரைக்கும் இது தெரியாது, ரெண்டாவது கிளை தொறந்த அன்னைக்குத் தெரியும், அடி விழுதது சந்தைப்பேர் மேல.

----

தம்பி, சந்தைப்பேர் நல்லாருக்கு, எடுத்துக்கிடுதேன். அடுக்குதான் இடிக்கி. மேல யாரு கீழ யாருன்னு கேக்க சொல்லு அது. நம்மூர்ல பாதி கடை அண்ணன் தம்பி கூட்டு, அங்க போயி அடுக்குன்னா சண்டதான் வரும். அதுவுமில்லாம கடைப்பேர் இல்லாம ஊர்ப்பேர்லயே ஓடுத சரக்கு இருக்கே, பத்தமடைப் பாய் மாதிரி, அதுக்கு அடுக்கு எங்க?

----

ஊர்ப்பேருக்கும் உண்டு அண்ணாச்சி. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு (1986 வரைக்கும் நம்ம நெல்லை ஜில்லாதானே, அதனால உரிமையோட சொல்லுதேன்) 2020ல புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ச் சரக்குன்னு சட்டப்படி பதியுத பேரு, கெடச்சுது. அத ஒத்த முதலாளி தன் பேர்ல பதிஞ்சுக்கிட முடியாது, தயாரிக்கவங்க சங்கம் மாதிரி ஒரு அமைப்புதான் பதியணும், அப்புறம் ஒவ்வொருத்தரும் அங்கீகாரம் பெற்ற பயனரா தனியா பதிஞ்சுக்கிடணும், 10 வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும், டிரேட்மார்க்க அடுத்தவனுக்கு எழுதிக் குடுக்கலாம், இத அப்படிக் குடுக்கவும் முடியாது. பேரு ஊருக்கு, பொறுப்பு சங்கத்துக்கு. சங்கம் தூங்கிட்டுன்னா எவனும் எந்தப் பாகுல வேணா அடிச்சு விப்பான், கேக்க ஆளிருக்காது.

ஆனா அண்ணன் தம்பி கூட்டு பத்தி நீங்க சொன்னது சரிதான், அங்க அடுக்கு நிக்காது. 'பொறுப்பமைவு'ன்னு போடுங்க, மேல கீழயும் அடங்கும், பக்கத்துப் பக்கத்துல நிக்கதும் அடங்கும். பிரான்சைசுக்கு, அதாவது ஒரு கடையோட பேர அனுமதி வாங்கி வேற ஆளு நடத்துத கடைக்கு, பட்டியல்ல யாரோ 'கிளை'ன்னு எழுதிருக்காங்க, அத மொதல்ல எடுங்க, கிளைன்னா முதலாளி காசு, பிரான்சைஸ்னா எடுத்தவன் காசு. 'பேருரிமைக் கடை' எப்படி இருக்கு?