அப்பப்பாவின் கடேற் யூனிபோமை என்ன செய்வது?

வெள்ளவத்தை வீட்டு றங்குப் பெட்டிக்குள் அப்பப்பாவின் காக்கிச் சட்டையும் அரைக் காற்சட்டையும் கிடைத்தன, 1942-ல் கல்லூரியில் படிக்கும்போது கடேற் (மாணவர் படை) பயிற்சிக்குப் போட்டதாம். பித்தளைப் பொத்தான்கள் பச்சை பிடித்துவிட்டன. தோய்த்து மினுக்கிச் சுவடிக்கூடத்துக்குக் கொடுக்கலாமா?

— ஐயோ, தோய்க்க வேண்டாம்! பழைய பருத்தி நூல் நனைந்தால் சில இடங்களில் விட்டுப்போகும், அதோடு வியர்வைக் கறை, தையல் போட்ட இடம் எல்லாம்தான் அதைப் போட்டவரின் கதை. பொத்தானுக்குப் பித்தளை மினுக்கும் பிறாசோவும் வேண்டாம். அமிலமில்லாத தாளை மடிப்புகளுக்குள் சுருட்டி வைத்து, தட்டையான பெட்டியில் போடுங்கள். கொழும்பு ஈரக்காற்றுக்குப் பொலித்தீன் பை என்றால் பூஞ்சணம்தான்.

— தம்பி, சுவடிக்கூடம் முக்கியமாகக் கடதாசிக்கு. துணிக்கு நூதனசாலையையோ அவர் படித்த கல்லூரியையோ கேட்டுப் பாருங்கள். கடேற் படை இங்கே 1881-ல் றோயல் கல்லூரியில் தொடங்கியது, 1942 ஏப்ரல் 5-ல் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருசத்துச் சட்டை என்றால் சும்மா விடமாட்டார்கள். அவர் அதைப் போட்டு எடுத்த படம் இருந்தால் சேர்த்தே கொடுங்கள்.

— நன்றி அண்ணை. படம் இருக்கிறது, தொப்பியைத்தான் காணவில்லை.