மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் போடு

குழு: வீட்டுத் தோட்டம் (நம்ம ஆளுங்க மட்டும்)

ரேவதி: [படம்]
ரேவதி: அத்தை, அவரைக் கொழுந்துல இது ஊருது. முதுகெல்லாம் முள்ளு முள்ளா இருக்கு. கிட்ட போகவே பயமா இருக்கு. என்னது இது?

மணி சித்தப்பா: இதையெல்லாம் விட்டு வைக்கக் கூடாதும்மா. இன்னைக்கே மருந்து அடிச்சிரு

சரோ அத்தை: இரு மணி, அவசரப்படாத
சரோ அத்தை: ரேவதி, படம் கலங்கலா இருக்கு. பக்கத்துல ஒரு காசை வச்சு எடு, அப்பதான் அளவு தெரியும். இலைக்கு அடிப்பக்கமும் ஒண்ணு எடு. அதைச் சுத்தி வேற என்ன இருக்குன்னும் பாரு

ரேவதி: [படம்] [படம்]
ரேவதி: தண்டுல கறுப்பா அசுவினி, அதான் சாறு உறிஞ்சுற அந்தக் குட்டிப் பூச்சி, அப்பிக் கிடக்கு அத்தை. இலையில ஓட்டை ஒண்ணும் இல்ல

கார்த்தி: நான் ஆப்ல போட்டுப் பார்த்தேன், வண்டுன்னு வருது. இது எந்தப் பக்கம் பார்த்தா வண்டு மாதிரி இருக்கு?

சரோ அத்தை: ஆப் சரியாத்தான் சொல்லுது. அது பொறிவண்டோட புழு. குட்டி முதலை மாதிரி நீள உடம்பு, கறுப்புல ஆரஞ்சுத் திட்டு, முன்பக்கம் ஆறு காலு. இலையைத் தொடாது. அசுவினிதான் அதுக்குச் சாப்பாடு. வண்டா மாறுறதுக்குள்ளயே நூத்துக்கணக்குல தின்னுடும்

ரேவதி: ஐயோ இதுவா பொறிவண்டு! வண்டு அவ்ளோ அழகா இருக்குமே

சரோ அத்தை: அதனாலதான் பாதிப் பேர் புழுவை நசுக்கிட்டு, பொறிவண்டே வரலைன்னு சொல்லிட்டுத் திரியுறாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல அது இலையில ஒட்டிக்கிட்டு அசையாம கிடக்கும். அது கூட்டுப்புழு. ஏதோ நோவுன்னு அந்த இலையைக் கிள்ளிப் போட்டுடாத

மணி சித்தப்பா: அப்போ அசுவினியை அப்படியே விட்டுடணுமா அக்கா?

சரோ அத்தை: தண்ணியை வேகமா பீச்சி அடிச்சாலே பாதி உதிர்ந்துடும். புழு இருக்கிற கொழுந்துல மட்டும் அடிக்க வேண்டாம். அதை விட முக்கியம், எறும்பு ஏறுதான்னு பாரு ரேவதி. அசுவினி விடுற இனிப்புத் தண்ணிக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும். பொறிவண்டைக் கடிச்சு விரட்டும். எறும்பை நிறுத்தினாத்தான் வண்டு வேலை பார்க்கும்

ரேவதி: எறும்பு வரிசையா போகுது அத்தை 😄 கவனிக்கிறேன்

ரேவதி: [படம்]
ரேவதி: இதோ கத்திரியில வண்டாவே இருக்கு. செம்பழுப்பு, முதுகுல நிறையப் புள்ளி. இதுவும் நம்ம ஆளுதானே? விட்டுடுறேன்

சரோ அத்தை: விடாத விடாத
சரோ அத்தை: இலையைப் பாரு. பச்சையெல்லாம் சுரண்டித் தின்னு நரம்பு மட்டும் நிக்குது. பக்கத்துல அசுவினி ஒண்ணு கூட இல்ல. அப்புறம் இவன் எதைத் தின்னு உயிரோட இருக்கான்?

கார்த்தி: ஓஹோ

சரோ அத்தை: இது எபிலாக்னா வண்டு. பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனா இலை தின்னி. கத்திரி, பாகல் ரெண்டுலயும் வரும். முதுகைப் பாரு, பளபளப்பு இருக்காது. பொடி ரோமம் மூடி மங்கலா இருக்கும். நல்ல பொறிவண்டு எண்ணெய் தேய்ச்ச கணக்கா மினுங்கும்

கார்த்தி: புள்ளியை எண்ணிப் பார்த்தா தெரியாதா அத்தை?

சரோ அத்தை: 28 புள்ளி உள்ளதும் இருக்கு, 12 புள்ளி உள்ளதும் இருக்கு. ஓடுற வண்டு முதுகுல நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள அது பறந்துடும். நான் புள்ளியைப் பார்க்கிறதே இல்ல, இலையைத்தான் பார்ப்பேன்
சரோ அத்தை: ரேவதி, அடிப்பக்கம் மஞ்சளா, கிளை கிளையா முள்ளு வச்ச புழு இருந்தா அதுவும் இதோட பிள்ளைதான். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி மந்தமா இருக்கும். கையால பொறுக்கி சோப்புத் தண்ணியில போட்டுடு. வீட்டுத் தோட்டத்துக்கு அது போதும்

கார்த்தி: முட்டை? ரெண்டும் மஞ்சளா, கும்பலா, செங்குத்தா நிக்குதாமே

சரோ அத்தை: ஆமாடா, முட்டையை வச்சு எனக்கே சட்டுன்னு சொல்ல வராது. அசுவினி பக்கத்துல இருந்தா விட்டுடு. கத்திரி இலையில, சுரண்டின தடத்தோட இருந்தா எடுத்துடு. ரெண்டும் கெட்டானா இருந்தா இலையோட ஒரு டப்பாவுல போட்டு வை. பொரிச்சு வர்றது இலையைச் சுரண்டுதான்னு பார்த்துக்கலாம்

மணி சித்தப்பா: *பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது*
செடியில் எந்தப் பூச்சி தென்பட்டாலும் வாரம் ஒருமுறை தவறாமல் மருந்து தெளித்தால்...

சரோ அத்தை: மணி, இதை யார் அனுப்பினாங்களோ அவங்களுக்கே திருப்பி அனுப்பு

மணி சித்தப்பா: 🙏

கார்த்தி: அத்தை, எங்க மிளகாய்ச் செடியில பூச்சியே கண்ணுக்குத் தெரியல, ஆனா இலையெல்லாம் சுருட்டிக்கிச்சு

சரோ அத்தை: எந்தப் பக்கமா சுருளுது? மேல்நோக்கியா, கீழ்நோக்கியா?

கார்த்தி: கீழ்நோக்கி. காம்பும் நீளமா இழுத்துக்கிட்டு நிக்குது

சரோ அத்தை: அப்போ பெரும்பாலும் மஞ்சள் சிலந்திப் பேன். மேல்நோக்கிச் சுருண்டா இலைப்பேன். இலைப்பேனைப் பிடிக்கிறது சுலபம், வெள்ளைத் தாள் மேல கொழுந்தைத் தட்டினா மெல்லிசா, மஞ்சளா விழுந்து ஓடும். சிலந்திப் பேன் லென்ஸ் வச்சாத்தான் தெரியும். இது பூச்சியே இல்லடா, எட்டுக் கால் சாதி. பல பூச்சி மருந்து இதுக்குக் கேட்கவே கேட்காது. அதைத் தின்னுறதைக் கொன்னுட்டு இதைப் பெருக விடும். நனையும் கந்தகம், அதான் தண்ணியில கலந்து அடிக்கிற கந்தகத் தூள், அதுக்குக் கேட்கும், அதையும் உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகிடும்

ரேவதி: அத்தை இன்னும் ஒண்ணே ஒண்ணு [படம்] தலைமுடி மாதிரி காம்பு, நுனியில வெள்ளையா பொட்டு

சரோ அத்தை: ஆஹா, கண்ணாடி இறக்கைப் பூச்சியோட முட்டை! அதுவும் அசுவினி தின்னிதான். குஞ்சுங்க ஒண்ணையொண்ணு தின்னுற சாதி, அதனால ஒவ்வொரு முட்டைக்கும் தனிக் காம்பு. தொடாத

மணி சித்தப்பா: அக்கா, நானும் ஒண்ணு போடுறேன். தொட்டி எலுமிச்சை. இது காக்கா எச்சம்தானே? துடைச்சு விட்டா நகருது [படம்]

சரோ அத்தை: எச்சம் நகருமா மணி? ஒரு குச்சியால தலைப்பக்கம் மெதுவா தொடு

மணி சித்தப்பா: எதுக்கு?

சரோ அத்தை: தொடு, சொல்றேன்

மணி சித்தப்பா: அடேங்கப்பா! தலைக்குப் பின்னாடி ரெட்டைக் கொம்பு வந்துச்சு! நாத்தம் தாங்கல அக்கா

சரோ அத்தை: எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிப் புழு. பறவை ஏமாறட்டும்னு சின்னதுல எச்சம் வேஷம், வளர்ந்தா பச்சை. இலையை நல்லா மேயும். பெரிய செடின்னா விட்டுடலாம், தொட்டிச் செடி தாங்காது. எத்தனை இருக்கு?

மணி சித்தப்பா: இருங்க, கண்ணாடி போட்டுட்டு வந்து பார்க்கிறேன்