தம் விட்டாச்சு, ஈ-சிகரெட்டை எப்படி விடுவது?

நீடாமங்கலம் காயில்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நீடாமங்கலத்தில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வயது 41. இருபது வருடமாகத் தம். நாளைக்குப் பதினைந்து ஓடும். குறுவைக்கு நாற்று விடுகிற நேரத்தில் லோ வோல்டேஜில் போர் மோட்டார்கள் வரிசையாக எரிந்து வரும், அப்போது இருபதைத் தாண்டும்.

பொங்கலுக்கு வந்த மச்சான், துபாயில் இருக்கிறவன், நான்கு ஈ-சிகரெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போனான். "அத்தான், இத இழுங்க, அது தானா விட்டுப்போகும்" என்றான். பொய் சொல்லக்கூடாது, விட்டுத்தான் போனது. 74 நாளாக ஒரு சிகரெட் கிடையாது. மாடிப்படி ஏறினால் இரைப்பதில்லை. வீட்டில் அவளுக்கும் நிம்மதி.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கடைக்குள் நான் என்றைக்குமே தம் அடித்ததில்லை. வார்னிஷும் தின்னரும் இருக்கிற இடம், ஒரு பொறி போதும். அதனால் ஒவ்வொரு தம்முக்கும் எழுந்து ரோட்டுக்குப் போகணும். அந்த நடைக்குச் சோம்பியே பாதி நேரம் தள்ளிப்போடுவேன். ஈ-சிகரெட்டுக்கு நெருப்பும் இல்லை, நாற்றமும் இல்லை, சட்டைப்பையிலேயே கிடக்கிறது. ஸ்டேட்டரில் வயர் இறக்கிக்கொண்டே ஒரு இழுப்பு, போனில் பேசிக்கொண்டே ஒரு இழுப்பு. சிகரெட் என்றால் பஞ்சு வரை வந்ததும் போட்டுவிடுவோம். இது எங்கே முடிகிறது? ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து, படுத்த பாயிலிருந்தே இழுக்கிறேன். சிகரெட் காலத்தில்கூட இப்படி இல்லை.

இப்போது நான்காவதும் தீர்ந்து கருகல் வாடை அடிக்கிறது. தொழில் புத்தி சும்மா இருக்குமா, பிரித்துப் பார்த்தேன். உள்ளே பஞ்சு, அதன் நடுவில் சுண்டுவிரல் நகமளவு கம்பிவலை. அதுதான் காயில். மீட்டர் வைத்தால் 1.2 ஓம். பேட்டரி 3.7 வோல்ட். ஆக பதினொரு வாட் சொச்சம், அவ்வளவுதான் சமாச்சாரம். பஞ்சில் ஈரம் இருக்கும்வரை புகை மாதிரி ஆவி வருகிறது, காய்ந்தால் கருகுகிறது. தண்ணீர் இல்லாத போரில் ஓடிய மோட்டார் கதைதான்.

மருந்துக்கடை கிளிசரினை அதில் ஊற்றி ஓட்டலாமா? அல்லது மச்சானிடம் இன்னும் நான்கு சொல்லிவிடவா? இதோடு விட வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள். நிகோடின் சூயிங்கம் போன வருடமே பார்த்தாச்சு, விக்கல்தான் மிச்சம்.

கூத்தாநல்லூர் சபராளி:

அண்ணே, மச்சானிடம் சொல்லிவிடாதீங்க. நம்ம நாட்டில் ஈ-சிகரெட் தடை 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, டிசம்பரில் முழுச் சட்டமே ஆகிவிட்டது. தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எதுவும் கூடாது. முதல் தடவைக்கே ஒரு வருடம் வரை ஜெயில், இல்லையென்றால் ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். தமிழ்நாட்டில் அதற்கு ஒரு வருடம் முன்பே தடை. இழுக்கிறவருக்கு என்று தனித் தண்டனைப் பிரிவு இல்லை, ஆனால் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாலும் அது இறக்குமதிதானே. மாட்டுவது உங்கள் மச்சான். சிங்கப்பூர் வழியாக வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம், அங்கே 2018-லிருந்து கையில் வைத்திருந்தாலே குற்றம்.

மலேசியாவில் இருந்தப்ப நானும் இழுத்தேன், மாம்பழ வாசனை. என் கதை உங்களைவிடக் கேவலம். சிகரெட்டையும் விடவில்லை, இரண்டும் சேர்ந்து ஓடியது.

குடந்தை மருந்துக்கடை:

முதலில் கிளிசரின். ஊற்றாதீர்கள். கடையில் விற்பது தோலில் தடவ. நுரையீரலுக்குள் எது போகிறது என்பதில் கைவைத்தியம் கூடாது. 2019-ல் தொடங்கிச் சில மாதங்களில் அமெரிக்காவில் வேப் (ஈ-சிகரெட்) இழுத்து 2,800 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திரவம், அதில் கெட்டியாக்கச் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. விழுங்கினால் ஒன்றும் செய்யாத பொருள்தான் அது.

உங்களுக்கு நடந்தது புதிதல்ல. அதே 2019-ல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஈ-சிகரெட் பிடித்தவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை என்று போனவர்களில் 9.9 சதவீதம்தான். ஆனால் அப்படி ஈ-சிகரெட்டால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் அதை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஊரில் படிப்படியாக நிகோடின் குறைந்த திரவமாக மாற்றிக்கொண்டே வரலாம், மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்கவும் கூடாது. உங்கள் அட்டைப்பெட்டியில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் அது 50 மில்லிகிராம். குறைக்க இங்கே வழியும் கிடையாது.

அடுத்து சூயிங்கம். எப்படி மென்றீர்கள்? பபிள்கம் மாதிரி மென்று எச்சிலை விழுங்கியிருப்பீர்கள், அதுதான் விக்கல். நான்கைந்து தடவை மெதுவாக மெல்லுங்கள். சுரீர் என்று காரம் வந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். ஒன்று அரைமணி நேரம் வரும். இன்னொன்று, காபி குடித்த வாயோடு போடவே கூடாது. வாய் புளிப்பாகிவிட்டால் நிகோடின் உள்ளே ஏறாது. கால் மணி நேரம் இடைவெளி வேண்டும். எங்கள் ஊரில் டம்ளரைக் கீழே வைத்த கையோடு வந்து சூயிங்கம் கேட்பார்கள், அப்புறம் "வேலை செய்யல சார்" என்பார்கள்.

2 மில்லிகிராம் சூயிங்கம் டாக்டர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்த அரைமணிக்குள் இழுக்கிற ஆள் என்றால் 4 தேவைப்படும், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். ராத்திரி விழிப்புக்குப் பட்டை சரிவருமா என்றும் அவரிடமே கேளுங்கள். சிகரெட் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் 1800-11-2356 இலவச எண்தான், கூப்பிடலாம். மூன்று நாள் கடுமையாக இருக்கும், மூன்று நான்கு வாரத்தில் அடங்கும்.

வலங்கைமான் பெரியவர்:

முப்பது வருசம் பீடி. ஒரு நாள் கட்டைத் தூக்கி வாய்க்காலில் போட்டேன், முடிந்தது. மனசு வேணும் தம்பி, மாத்திரை மருந்தெல்லாம் எதுக்கு?

நீடாமங்கலம் காயில்காரன்:

ஐயா, பகலில் மனசு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குத்தான் ஆளைக் காணோம்.

நீடாமங்கலம் காயில்காரன் (16 நாள் கழித்து):

கேட்டவர்களுக்கு நிலவரம். குடந்தையார் சொன்னது அப்படியே என் கதை. கடைக்கு எதிரிலேயே டீக்கடை, பதினோரு மணிக் காபியைக் குடித்துவிட்டு அதன் மேலேயே மென்றிருக்கிறேன். டாக்டரைப் பார்த்து 4 மில்லிகிராம் எழுதி வாங்கினேன். இப்போது சூயிங்கம் முதலில், காபி பன்னிரண்டுக்கு. டீக்கடைக்காரருக்குத்தான் கோபம்.

மூன்றாவது நாள் ஒரு ஸ்டேட்டரில் காயில் எண்ணிக்கை விட்டுப்போய், முழுக்க அவிழ்த்து மறுபடி கட்டினேன். வேலைக்கார பையனைத் தேவையில்லாமல் திட்டினேன். ஒன்பதாம் நாள் ஒரு சாவு வீட்டில் யாரோ நீட்டினார்கள், ஒரு சிகரெட் அடித்துவிட்டேன். நாக்கில் தகரத்தை நக்கிய மாதிரி இருந்தது, பாதியில் போட்டேன். அதற்கப்புறம் இல்லை. இரண்டு மணி விழிப்பு இன்னும் இருக்கிறது, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.

மச்சான் போன் செய்தான், வேண்டாம் என்று சொல்லியாச்சு. பிரித்துப்போட்ட நான்கிலும் பேட்டரியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். நன்றாக சார்ஜ் நிற்கிறது, ஒரு டார்ச் லைட்டுக்கு ஆகும்.