அவுட்ஸ்டாண்டிங்: பாராட்டுக்கும் அதே சொல், பாக்கிக்கும் அதே சொல்

'அவுட்ஸ்டாண்டிங்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றி மலேசியாவில் வெவ்வேறு வேலை செய்பவர்கள் சொன்னவை.

பிரிக்பீல்ட்ஸ், கணக்கெழுதும் வேலை

வீட்டு லோன் வாங்கப் போகிறவர்கள் சிசிரிஸ் அறிக்கையை (மத்திய வங்கியான பேங்க் நெகாரா வைத்திருக்கும் கடன் விவரம்) எடுத்துக்கொண்டு பதறியபடி வருவார்கள். மேலே கொட்டை எழுத்தில் 'அவுட்ஸ்டாண்டிங் கிரெடிட்' என்று இருக்கும். "ஒரு மாசம்கூட தவறாம கட்டுறேன், பேங்க் நெகாராவுல என் பேரு கெட்டுப்போச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

கெடவில்லை. அந்தத் தலைப்புக்கு 'இன்னும் முடியாத கடன்' என்றுதான் பொருள். 3 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) லோனில் 40 ஆயிரம் அடைத்திருந்தால் மீதி 2 லட்சத்து 60 ஆயிரமும் அவுட்ஸ்டாண்டிங்தான். கடைசித் தவணை கட்டும் நாள்வரை அப்படித்தான் நிற்கும். பார்க்க வேண்டியது அதே வரிசையில் கடைசி 12 மாதங்களுக்கு உள்ள சின்னக் கட்டங்களை. எல்லாம் 0 என்றால் சுத்தம். 1 என்றால் ஒரு தவணை நிலுவை, 2 என்றால் இரண்டு. பேங்க் அதிகாரியின் கண் முதலில் போவது அங்கேதான்.

இந்தச் சொல்லைப் பாராட்டு என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் குறைவு, அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பணம் போவது அவுட்ஸ்டாண்டிங்கையும் ஓவர்டியூவையும் (கெடு தாண்டிய பாக்கி) ஒன்றாக நினைப்பதில்தான். மார்ச் 1ஆம் தேதி 5,000 வெள்ளிக்கு ஒரு இன்வாய்ஸ், கட்ட 30 நாள் கெடு என்று வையுங்கள். அன்றைக்கே அந்த 5,000 அவுட்ஸ்டாண்டிங். வாடிக்கையாளர் 15ஆம் தேதி 3,000 கட்டினால் மீதி 2,000 அவுட்ஸ்டாண்டிங். மார்ச் 31 கெடு. அந்த 2,000 ஓவர்டியூ ஆவது ஏப்ரல் 1 முதல்தான். கெடுவுக்கு முன்னமே 'ஓவர்டியூ' என்று கடிதம் அனுப்பினால், ஒழுங்காகக் கட்டுகிற ஆள் முகம் சுளிப்பார். கெடு தாண்டி இரண்டு மாதமான பிறகும் 'அவுட்ஸ்டாண்டிங்' என்றே எழுதிக்கொண்டிருந்தால், அந்தப் பக்கத்துக் கணக்கர் உங்கள் கடிதத்தைக் கட்டின் அடியில் செருகிவிடுவார்.

கிரெடிட் கார்டிலும் இதே கதை. பெரும்பாலான கார்டுகளில் குறைந்தபட்சக் கட்டணம் அவுட்ஸ்டாண்டிங் பேலன்ஸில் 5 விழுக்காடு, 50 வெள்ளிக்குக் குறையாமல். 2,400 வெள்ளி பாக்கி என்றால் 120 கட்டினால் போதும். அதையும் தவறவிட்டால் தாமதக் கட்டணம் 1 விழுக்காடு. பலரும் அதை 120க்குக் கணக்குப் போட்டு "ஒரு வெள்ளி இருபது காசுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். கணக்கு மொத்த அவுட்ஸ்டாண்டிங்குக்கு, ஆகவே 24 வெள்ளி. பாக்கி 600 என்றால் 6 வெள்ளி வரும், ஆனால் குறைந்தது 10 எடுப்பார்கள். உச்ச வரம்பு 100. வட்டி இதில் சேராது, அது தனி.

ஜெலுத்தோங், இடைநிலைப்பள்ளி ஆங்கில ஆசிரியை

கணக்கர் ஐயா சொன்னது சரி. ஆனால் பாராட்டுக்கும் பாக்கிக்கும் இடையிலான குழப்பம் பள்ளியில் நிஜமாகவே வருகிறது. ரிப்போர்ட் புத்தகத்தில் 'த்ரீ அசைன்மென்ட்ஸ் அவுட்ஸ்டாண்டிங்' என்று இருப்பதைப் பார்த்து, பிள்ளைக்கு மூன்று பாடத்தில் பாராட்டு என்று மகிழ்ந்துபோகும் அம்மாக்கள் உண்டு. மூன்று வேலை இன்னும் கொடுக்கவில்லை என்பதுதான் பொருள். 'த்ரீ அவுட்ஸ்டாண்டிங் அசைன்மென்ட்ஸ்' என்று எழுதியிருந்தால் எனக்கே சந்தேகம் வரும், அது இரண்டு பக்கமும் சாயும்.

பிரித்துப் பார்க்க இடம் உதவும். பெயர்ச்சொல்லை ஒட்டி அதன் பின்னால் உட்கார முடிகிறதா என்று பாருங்கள். 'தி அமௌண்ட் அவுட்ஸ்டாண்டிங்' சரியான ஆங்கிலம், அது பாக்கி. 'தி ஸ்டூடண்ட் அவுட்ஸ்டாண்டிங்' என்று யாரும் சொல்வதில்லை. பாராட்டு முன்னால் வரும், இல்லையென்றால் 'இஸ்' போட்டுத் தள்ளி வரும். இன்னொன்று 'ஸ்டில்'. 'ஹிஸ் ஒர்க் இஸ் அவுட்ஸ்டாண்டிங்' என்றால் பையன் கெட்டிக்காரன். 'ஹிஸ் ஒர்க் இஸ் ஸ்டில் அவுட்ஸ்டாண்டிங்' என்றால் பெரும்பாலும் வேலை இன்னும் முடியவில்லை. ஒரே ஒரு சின்னச் சொல் பையனைத் தூக்கிக் கீழே போட்டுவிடுகிறது. 'லி' சேர்ந்த வடிவம் பாராட்டுக்கு மட்டும். 'அவுட்ஸ்டாண்டிங்லி அன்பெய்ட்' என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

'வெரி அவுட்ஸ்டாண்டிங்' வேண்டாம். அந்தச் சொல்லிலேயே உச்சம் இருக்கிறது. அழுத்தம் வேண்டுமானால் 'ட்ரூலி' அல்லது 'அப்சல்யூட்லி'. 'ஒன் ஆஃப் தி மோஸ்ட் அவுட்ஸ்டாண்டிங்' தாராளமாக வரலாம், அது நடைமுறையில் உள்ளதுதான். பரிந்துரைக் கடிதம் எழுதும்போது எதில் என்று சொல்லுங்கள், 'அவுட்ஸ்டாண்டிங் இன் மேத்ஸ்' என்பதுபோல. கூட்டத்திலிருந்து தனித்து நிற்பதுதான் இந்தச் சொல்லின் உயிர். 30 பேர் வகுப்பில் 25 பேரும் அவுட்ஸ்டாண்டிங் என்றால் யாரும் தனித்து நிற்கவில்லை என்று அர்த்தம். (நம் பள்ளிப் பரிசளிப்பு நிகழ்ச்சி எழுத்தாளர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.)

ஈப்போ சாலை, கடை வைத்திருப்பவர்

டீச்சர், 'ப்ளீஸ் செட்டில் யுவர் அவுட்ஸ்டாண்டிங்' என்று வாடிக்கையாளருக்கு எழுதலாமா? சப்ளையர் எல்லாம் இப்படித்தான் வாட்ஸ்அப் அனுப்புகிறார்கள்.

ஜெலுத்தோங், ஆசிரியை

புரியும் அண்ணே, தப்பாக யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் உரிச்சொல் பெயர்ச்சொல் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் 'பேலன்ஸ்' அல்லது 'அமௌண்ட்' சேருங்கள், இன்வாய்ஸ் எண், தொகை, கெடு தேதி மூன்றையும் போடுங்கள். சப்ளையர் தேதி போடாமல் அனுப்பினால் கட்டுவதற்கு முன் கேட்டு வாங்குங்கள்.

செந்தூல், அடுக்குமாடி நிர்வாக அலுவலகம்

பராமரிப்புக் கட்டணத்தில் இந்தச் சொல் சண்டையே மூட்டிவிடும். நோட்டீஸ் போர்டில் யூனிட் எண்ணும் தொகையும் ஒட்டியதும் "இந்த மாச பில்லு நேத்துதான் வந்துச்சு, அதுக்குள்ள எப்படி பேரைப் போடலாம்?" என்று வருவார்கள். அவர்கள் கேட்பது நியாயம். பில் வந்த அன்றே அது அவுட்ஸ்டாண்டிங்தான், ஆனால் அதற்காக யாரும் கட்டத் தவறியவர் ஆகிவிட மாட்டார். அடுக்குமாடி நிர்வாகத்துக்கான ஸ்ட்ராத்தா சட்டத்தின்கீழ் 2015இல் வந்த துணை விதிகளின்படி, நோட்டீஸ் கிடைத்து 14 நாள் ஆகியும் முழுதாகக் கட்டாதவர்தான் அந்தப் பட்டியலுக்குள் வருவார். அதன்பிறகு பெயரையும் தொகையையும் போர்டில் ஒட்டலாம், நுழைவு அட்டையை முடக்கலாம், ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மிகாமல் வட்டி போடலாம். கிளார்க்குகள் செய்கிற தவறு, கணினியிலிருந்து 'அவுட்ஸ்டாண்டிங்' பட்டியலை அப்படியே அச்சடித்து ஒட்டுவது. அதில் நேற்று பில் வாங்கியவரும் இருப்பார், ஒரு வருடம் கட்டாதவரும் இருப்பார். எத்தனை நாள் பாக்கி என்று பிரித்துக் காட்டும் 'ஏஜிங்' பட்டியலை எடுத்து, 14 நாள் தாண்டியவர்களை மட்டும் பிரித்துப் போட வேண்டும்.

ஜார்ஜ் டவுன், சுற்றுலா வழிகாட்டி

எங்களுக்கு இது மரியாதையான சொல். 2008இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 'அவுட்ஸ்டாண்டிங் யுனிவர்சல் வேல்யூ' என்ற அடிப்படையில். நாடு, இனம் தாண்டி உலகுக்கே ஒப்பற்ற மதிப்பு என்று தமிழில் சொல்வேன். 'சிறந்த' என்று மட்டும் மொழிபெயர்த்தால் சாப்பாட்டுக் கடை விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அதே பாரம்பரிய வட்டாரத்துக் கடைவீட்டுக்காரர் பிப்ரவரி கடைசிக்குள்ளோ ஆகஸ்ட் கடைசிக்குள்ளோ மதிப்பீட்டு வரி கட்டாவிட்டால் அவருக்கும் அவுட்ஸ்டாண்டிங் வரும், இன்னொரு மாதிரி.

கோலாலம்பூர், மலாய்–தமிழ் மொழிபெயர்ப்பு

மலாயில் இந்தக் குழப்பமே இல்லை. பாராட்டுக்கு 'செமர்லாங்', பாக்கிக்கு 'தெர்துங்காக்'. ஆனால் இரண்டிலும் ஒரு கல் கிடக்கிறது.

ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்பிஎம் முடிவில் ஏ பிளஸ் 'செமர்லாங் தெர்திங்கி', ஏ 'செமர்லாங் திங்கி', ஏ மைனஸ் வெறும் 'செமர்லாங்'. ஏ மைனஸுக்கே அவுட்ஸ்டாண்டிங் போட்டுவிட்டால் ஏ பிளஸுக்குச் சொல் எங்கே தேடுவது? 'தெர்துங்காக்' என்பதில் கெடு தாண்டிய வாடை அடிக்கும். கெடு இன்னும் வராத தொகைக்கு 'பெலும் டிஜெலாஸ்கான்', அதாவது இன்னும் செலுத்தப்படாதது என்பது பாதுகாப்பு.

தமிழில் 'நிலுவை' கைகொடுக்கும். பணம், வழக்கு, கூட்டத்தில் முடியாமல் போன விஷயம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஓவர்டியூவுக்கு 'கெடு தாண்டிய' என்று தனியாக எழுதிவிடுங்கள். நிறுவன அறிக்கையில் 'அவுட்ஸ்டாண்டிங் ஷேர்ஸ்' வந்தால் மட்டும் நிலுவைக்குப் போகாதீர்கள். அங்கே யாரும் யாருக்கும் பாக்கி இல்லை, பங்குதாரர்கள் கையில் இருக்கும் பங்குகள் என்றுதான் பொருள்.

பெரியவர்களுக்குப் பில் படித்துக் காட்டும்போது 'பாக்கி' என்ற சொல்லிலும் நிதானம் வேண்டும். மலாய் 'பாக்கி'யும் நம் பாக்கியும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை, ஆனால் திசை வேறு. நமக்குப் பாக்கி என்றால் பெரும்பாலும் கொடுக்க வேண்டியது. மலாயில் அது வெறும் மீதி. கடைக்காரர் திருப்பித் தரும் சில்லறையும் பாக்கி, முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் டச் அண்ட் கோ கார்டில் மிச்சமிருக்கும் பணமும் பாக்கி. கார்டைத் தொட்டதும் திரையில் 'பாக்கி 18.40' என்று வந்தால் 18 வெள்ளி 40 காசு இன்னும் உங்களுடையது. 'பாக்கி தெர்துங்காக் 18.40' என்று ஒரு பில்லில் வந்தால்தான் பர்ஸைத் திறக்க வேண்டும்.