பிழைச் செய்தி திரையில் வருகிறது, ஸ்கிரீன் ரீடர் வாயே திறக்கவில்லை. உதவி!

அவசரக்காரன்: நாளைக்குத் தளத்தை ஒப்படைக்க வேண்டும். படிவத்தைத் தப்பாக நிரப்பி அனுப்பினால் சிவப்பில் செய்தி வருகிறது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற ஸ்கிரீன் ரீடர் மட்டும் அதைப் படிக்க மாட்டேன் என்கிறது. புதிதாக வரும் செய்தியைப் படிக்கச் சொல்லும் ஏரியா-லைவ் குறிப்பெல்லாம் போட்டாகிவிட்டது. என்ன செய்வது?

நிலாமுற்றம்: எந்த ஸ்கிரீன் ரீடர்? எந்த பிரவுசர்? கணினியா, போனா?

தூரிகை: சிவப்பு என்கிறீர்களே, பின்னணியோடு நிற வேறுபாடு 4.5:1 இருக்கிறதா? பெரும்பாலும் சிக்கல் அங்கேதான்.

நிலாமுற்றம்: அது வேண்டியதுதான். ஆனால் வாய்விட்டுப் படிக்கிற மென்பொருளுக்கு நிறம் எதற்கு ஐயா?

பழையகை: மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வந்துவிடுகிறார். டபிள்யூசிஏஜி 2.1, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைப்பதற்கான வழிகாட்டி, வந்தது 2018-இல். அதில் 4.1.3 என்ற விதி இதைப் பற்றித்தான் பேசுகிறது. படித்துவிட்டு வந்திருக்கலாம். நிரலைக்கூட ஒட்டவில்லை.

அவசரக்காரன்: ஸ்கிரீன் ரீடர் என்விடிஏ, பிரவுசர் குரோம். பிழை வந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு டிவ் (செய்தி வைக்கும் பெட்டி) உருவாக்கி, ஏரியா-லைவ் பொலைட் (குறுக்கிடாமல் சொல்லும் வகை) சேர்த்து, செய்தியோடு படிவத்துக்கு மேலே செருகுகிறது.

குறுக்குவழி: ஒரு வரி ஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் சரிசெய்யும் கருவி விற்கிறார்களே, அதைப் போட்டுவிடுங்கள்.

பழையகை: இருப்பதும் கெடும்.

குறுக்குவழி: எழுத்தைப் பெரிதாக்கும் வசதியெல்லாம் தருகிறது. என்ன கெட்டுவிடும்?

செவிவழி: நான் பார்வையற்றவன், தினமும் என்விடிஏதான். எழுத்தைப் பெரிதாக்கி எனக்கு என்ன ஆகப்போகிறது? வேண்டியவர்களுக்கு பிரவுசரிலேயே அது இருக்கிறது. அந்தக் கருவிகள் என் குறுக்குவிசைகளோடு மோதுகின்றன, கண்டதும் முடக்கிவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டிவ்வையும் செய்தியையும் ஒன்றாகச் செருகுவதுதான் கோளாறு. ஏரியா-லைவ் போட்ட டிவ் முதலிலிருந்தே பக்கத்தில் காலியாக இருக்கட்டும், பிழை வந்தால் உள்ளே எழுத்தை மட்டும் மாற்றுங்கள். டிஸ்பிளே நன் போட்டு ஒளிக்க வேண்டாம். அப்புறம், பிழையுள்ள முதல் கட்டத்துக்கு ஃபோகஸை, அதாவது தட்டச்சு விழும் இடத்தை, கொண்டுபோங்கள். கட்டத்தில் தவறு இருக்கிறது என்று சொல்ல ஏரியா-இன்வேலிட் ட்ரூ போட்டு, பிழை வரியை ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் இணையுங்கள். 'பிழைகளைத் திருத்தவும்' என்று மட்டும் சொன்னால் எந்தக் கட்டம் என்று டேப் தட்டித் தேடுவது நான்தானே?

பழையகை: செய்தியை உடனே குறுக்கிட்டுச் சொல்லும் ரோல் அலர்ட் போட்டால் இத்தனை சுற்று வேண்டாம்.

செவிவழி: எப்போதாவது ஒரு செய்தி என்றால் சரி. ஒவ்வொரு எழுத்துக்கும் சோதித்து அலர்ட் எழுப்பும் படிவங்களில், நான் தட்டுவதே எனக்குக் கேட்பதில்லை.

அவசரக்காரன்: காலி டிவ் வைத்தேன், பேசுகிறது. நன்றி. ஃபோகஸ் அப்புறம்.

செவிவழி: அப்புறம் வேண்டாம், ஒப்படைக்கும் முன்பே செய்யுங்கள்.

நிலாமுற்றம்: ஆண்ட்ராய்டு போனின் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கிலும் பார்த்தீர்களா?

தூரிகை: 4.5:1?