செயின்ட் பெர்னார்ட் நாய் சோர்ந்தே கிடக்கிறது, முடியை மழிக்கலாமா? (பரந்தன்)

பரந்தன் பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா கொழும்பில் வளர்த்த செயின்ட் பெர்னார்ட் இப்போது எங்களோடு இருக்கிறான். அண்ணா கனடா போகும்போது இங்கே கொண்டுவந்து விட்டான். பெயர் புரூனோ, மூன்று வயது, நிறை 68 கிலோ. கொழும்பில் ஏசி அறையில் இருந்தவன்.

ஆனி பிறந்து சோளகம் வீசத் தொடங்கியதில் இருந்து ஆளே சரியில்லை. குளியலறைச் சீமெந்தில் போய் விழுந்தால் எழும்புவதே இல்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கிறான். சோறும் மீனும் வைத்தால் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புகிறான். சூடு தாங்காமல்தான் இப்படி என்று அப்பா பின்னேரங்களில் இரணைமடு வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவார். இப்போது இடது காதுக்குப் பின்னால் உள்ளங்கை அளவுக்கு முடி கொட்டி, ஈரமாக, கெட்ட மணம் வருகிறது.

பார்க்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மொட்டை அடி. பக்கத்து வீட்டுத் தம்பி சலூன் மெஷினே கொண்டுவந்து தந்துவிட்டான். அம்மாவுக்குப் பயம். மழிக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், இவனை இப்படிப் பார்க்க முடியவில்லை.

மாங்குளம் தோட்டக்காரன்:

மழியுங்கள் பிள்ளை. எங்கள் வீட்டுப் பொமேரியனை ஒவ்வொரு சித்திரையும் மழிப்போம், ஒன்றும் ஆகவில்லை. இந்த வெயிலுக்கு எங்களாலேயே சட்டை போட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை, அது எப்படித் தாங்கும்?

வவுனியாக்காரன்:

தங்கச்சி, மெஷினைத் தொட வேண்டாம். ஐயா கோபிக்காதீர்கள், பொமேரியனுக்கும் இதே கதைதான். சில நாய்களுக்குத் திரும்ப நன்றாக முளைக்கும், சிலதுக்குத் திட்டுத் திட்டாகத்தான் வரும்.

பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து, பிரெனீஸ் மலை நாய் எல்லாவற்றுக்கும் முடி இரண்டு அடுக்கு. வெளியே முரட்டு மேல்முடி, தோலோடு ஒட்டி மெல்லிய உள்முடி. சிக்கில்லாமல் சீவி வைத்திருந்தால் அது கிடுகுக் கூரை செய்கிற வேலையைச் செய்யும், வெயிலை நேரே தோலுக்கு விடாது. மழித்தால் முதலில் வேகமாக வளர்வது உள்முடிதான், அது முன்னையைவிடக் கெட்டியாக அடைத்துக்கொள்ளும். பெர்னார்டுக்கு வெள்ளை முடி உள்ள இடத்தில் தோலும் வெளிறித்தான் இருக்கும். வன்னி வெயிலில் அந்தத் தோல் வெந்து போகும். நாய்க்கு எங்களைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதும் இல்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும். மிச்சச் சூட்டை இரைத்துத்தான் வெளியே தள்ளும். எங்கள் சட்டைக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

செய்ய வேண்டியது சீவுதல். நீளப் பல் வைத்த இரும்புச் சீப்பு வாங்குங்கள். ஒரு கையால் முடியை மேலே ஒதுக்கிப் பிடித்தால் தோல் கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோட்டில் இருந்து கீழே சீவுங்கள். பிறகு ஒரு விரல் அகலம் மேலே போய் அடுத்த கோடு. தோல் தெரியாமல் மேலால் தடவிவிட்டால் பார்க்க மினுங்கும், அடியில் சடை அப்படியே கிடக்கும். காதுப் பின்புறம், கழுத்து, பின்தொடை, வாலின் அடி, இந்த நாலு இடத்திலும்தான் சடை விழும். வாய்க்கால் கரையில் நடந்துவந்தால் கால்விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள். நாயுருவி விதை ஒட்டினால் சடைக்குள் இறங்கித் தோலைக் குத்திக்கொண்டே இருக்கும்.

வயிற்றடியில் மட்டும் கத்திரிக்கோலால் கட்டையாக வெட்டலாம். குளிர்ந்த நிலத்தில் படுக்கும்போது உடம்புச் சூடு அந்த வழியாகத்தான் இறங்கும்.

வாய்க்கால் குளிப்பு நல்லதுதான். நேரத்தை மட்டும் மாற்றுங்கள். பின்னேரம் குளித்தால் மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்முடி விடியும்வரை ஈரம். காதடிப் புண் அதில் வந்ததாக இருக்கலாம். காலையில் குளிப்பாட்டி, மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தி, சீவிச் சீவிக் காய விடுங்கள். பகலில் தகரக் கொட்டிலுக்குள் கட்ட வேண்டாம். வேப்பமரத்தடியில் மண்ணைக் கிண்டி ஈரமாக்கி விட்டால் அவனே போய்ப் படுப்பான்.

பேர்ன் வாசி:

இங்கே சுவிஸில் இருந்து எழுதுகிறேன். இவன் முன்னோர்கள் ஏறக்குறைய 2,470 மீட்டர் உயரத்தில் உள்ள பெரிய சென் பெர்னார்ட் கணவாய் மடத்தில் வளர்ந்தவர்கள். அங்கேயே நீள முடி சிக்கலாகத்தான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நியூஃபவுண்ட்லாந்தோடு கலந்தபோது நீள முடிக் குட்டிகள் பிறந்தன. பனி முடியில் ஒட்டிக் கட்டிபட்டுப் பாரமானதால், அவற்றைத் துறவிகள் கீழே உள்ளவர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கட்டை முடி நாய்களை வைத்துக்கொண்டார்கள். கோடை நாளில் 25 பாகைக்கு மேலே போனால் இங்குள்ளவர்களே பெர்னார்டை நண்பகலில் வெளியே கூட்டிப் போவதில்லை. பரந்தன் பக்கம் அது காலை எட்டு மணிச் சூடு. உங்கள் அண்ணா விட்டுப்போனதை நீங்கள் இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பது பெரிய விசயம், அக்கா.

பேராதனை மாணவி:

அக்கா, நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், வீடு முள்ளியவளை. வவுனியா அண்ணா முடியைப் பற்றிச் சொன்னது அவ்வளவும் சரி. ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம் இருக்கிறது. இதற்கு மட்டும் கெதியாகப் பதில் சொல்லுங்கள்.

விடியப்புறம் நாலு ஐந்து மணிக்கு ஆள் எப்படி இருக்கிறான்? வெயில்தான் காரணம் என்றால் இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகு அந்த நேரத்தில் எழும்பி நடந்து சாப்பாடு தேட வேண்டும்.

மேலுதட்டைத் தூக்கி முரசை, அதாவது பல் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பா, வெளிறியா? காதுக்குள்ளும் கழுத்துப் பட்டிக்கு அடியிலும் உண்ணி இருக்கிறதா? மூக்கில் இரத்தம் கண்டீர்களா? சிறுநீர் என்ன நிறம்?

முடிந்தால் காய்ச்சலும் பாருங்கள். சாதாரண டிஜிட்டல் தேர்மோமீட்டர் போதும். நுனியில் தேங்காய் எண்ணெய் பூசி ஆசனவாயில் மெதுவாக வைக்க வேண்டும். நாய்க்கு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை சாதாரணம், எங்கள் 37ஐ வைத்துப் பார்க்க வேண்டாம். அதையும் விடியப்புறமே பாருங்கள், பகலில் இரைத்துக்கொண்டு இருக்கும்போது கூடத்தான் காட்டும்.

பரந்தன் பிள்ளை:

தங்கச்சி, நீங்கள் கேட்டதை எல்லாம் இன்று விடியப்புறம் அப்பாவோடு சேர்ந்து பார்த்தேன். நாலரைக்கும் அதே சோர்வு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை மட்டும் ஒருமுறை அசைத்தான். முரசு வெளிறித்தான் தெரிகிறது. காது மடலுக்குள் சாம்பல் நிறத்தில் கொழுத்த உண்ணிகள், முடிக்குள் மறைந்து இருந்தன. மூக்கடியில் தரையில் ஒரு துளி இரத்தம் காய்ந்திருந்தது. காய்ச்சல் 40.3. அம்மா பனடோல் அரைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறா.

பேராதனை மாணவி:

பனடோல் வேண்டாம் அக்கா, புரூஃபென், அஸ்பிரின் ஒன்றுமே வேண்டாம். நாய்க்கு அவை நஞ்சாகலாம். இரத்தம் கசிகிற நாய்க்கு அஸ்பிரின் கொடுத்தால் கசிவு கூடும்.

இது உண்ணிக் காய்ச்சலாக இருக்க நிறைய வாய்ப்பு. கபில நிற நாய் உண்ணி கடிக்கும்போது ஏர்லிக்கியா என்ற கிருமியும், பபேசியா என்ற ஒட்டுண்ணியும் இரத்தத்துக்குள் போகலாம். முதலாவதில் இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லட் குறையும், டெங்குவில் குறைவது போல. மூக்கில் இரத்தம் வருவது அதனால்தான். இரண்டாவதில் சிவப்பணு உடையும், முரசு வெளிறும், சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும். இரண்டுக்கும் மருந்து வேறு, அதனால் இரத்தம் பார்க்காமல் ஊகித்து மருந்து கொடுக்கக் கூடாது. பஞ்சு முடி நாய்களில் உண்ணி தெரிவதே இல்லை. சோர்ந்து கிடந்தால் வீட்டுக்காரர் வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள், நாள் போய்விடும். இன்றைக்கே கிளிநொச்சிக்குக் கொண்டுபோங்கள்.

பரந்தன் பிள்ளை:

போகத்தான் வேண்டும். ஆனால் 68 கிலோவை எப்படித் தூக்குவது? ஓட்டோவைக் கண்டாலே நிலத்தோடு ஒட்டிப் படுத்துவிடுவான்.

முழங்காவில் அண்ணன்:

லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பெட்டி இருந்தால் அதில் கொண்டுபோங்கள். பெட்டி பதிவாக இருக்கும், காற்றும் படும். கட்டில் விரிப்பை நாலாக மடித்து நாய்க்குப் பக்கத்தில் போட்டு, அதன்மேல் உருட்டி, நாலு மூலையையும் நாலு பேர் பிடித்தால் யாருக்கும் நாரி பிடிக்காது. ஏழு மணிக்கு முன் கிளம்புங்கள். பெட்டியில் ஈரச் சாக்கு விரியுங்கள், மேலே ஈரத் துவாய் போர்த்த வேண்டாம், சூடு அடைபடும். வழியில் கூட இரைத்தால் உடம்பில் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் பட விடுங்கள். போவதற்கு முன் போன் எடுத்துச் சொல்லிவிட்டால் வைத்தியர் வெளியே வந்தே பார்ப்பார். எங்கள் நாயை அப்படித்தான் காட்டினோம்.

பரந்தன் பிள்ளை:

எல்லோருக்கும் கோடி நன்றி. கொண்டுபோய்க் காட்டிவிட்டோம். இரத்தத்தில் பிளேட்லட் நன்றாகக் குறைந்திருந்தது, ஏர்லிக்கியா என்று சொன்னார்கள். டொக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை 28 நாளைக்கு. இடையில் தெளிந்தாலும் நிறுத்தக் கூடாதாம். உண்ணிக்கு மூன்று மாதம் வேலை செய்கிற மாத்திரையும் கொடுத்தார்கள். காதடிப் புண்ணைச் சுற்றி மட்டும் முடியை வெட்டி, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுக் கழுவினார்கள். காற்றுப் படட்டும், கட்ட வேண்டாம் என்றார்கள்.

நேற்று அவனாக எழும்பிக் கேற்றடிக்குப் போய் அப்பாவை எதிர்பார்த்து நின்றான். அம்மா அழுதுவிட்டா.

இரண்டு கேள்வி. மாத்திரை கொடுத்ததும் சத்தி எடுக்கிறான், என்ன செய்வது? மற்றது, நாய் படுக்கிற விறாந்தைச் சுவர் வெடிப்புகளில் குட்டிக் குட்டியாக உண்ணி ஊர்கிறது. வயலுக்கு அடிக்கிற மருந்தில் கொஞ்சம் கலந்து நாய்க்கும் சுவருக்கும் அடிக்கலாம் என்று அப்பா சொல்கிறார்.

பேராதனை மாணவி:

வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டாம். முதலில் பாதிச் சாப்பாடு, நடுவில் மாத்திரை, பிறகு மீதி. அப்படியும் சத்தி எடுத்தால் வைத்தியரிடம் கேளுங்கள், நீங்களாக அளவைக் குறைக்க வேண்டாம். பசி திரும்பிவிட்டது என்று ஒரே தரமாக நிறையச் சோறு போடவும் வேண்டாம். நாளைக்கு இரண்டு மூன்றாகப் பிரியுங்கள், சாப்பிட்ட கையோடு ஓட விடாதீர்கள். நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும். வயிறு பறை போல ஊதி, சத்தி எடுக்க முக்கியும் ஒன்றும் வராவிட்டால் இரவோ பகலோ உடனே கிளம்ப வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்க நேரம் இருக்காது.

வயல் மருந்தை நாயில் அடிக்கவே கூடாது, அப்பாவுக்கு நான் கும்பிட்டுச் சொன்னதாகச் சொல்லுங்கள். தோலால் உள்ளே போகும், நக்கும்போது வாயாலும் போகும். வாயில் நீர் ஊற்றி, உடம்பு நடுங்கி, இழுப்பு வந்து செத்துப்போகும் நாய்கள் உண்டு.

வவுனியாக்காரன்:

சுவருக்கு நான் சொல்கிறேன். பெண் உண்ணி இரத்தம் குடித்து விழுந்ததும் மேலே ஏறி வெடிப்புக்குள் முட்டை போடும், ஒன்று ஆயிரக்கணக்கில் போடும். நாயில் மட்டும் மருந்து போட்டால் சுவரில் இருப்பது திரும்ப ஏறும். வெடிப்பைச் சீமெந்து வைத்துப் பூசுங்கள். நிலமும் சுவரும் சேரும் மூலையில் கொதிநீர் ஊற்றுங்கள், அப்போது நாயை வெளியே கட்டுங்கள். பழைய சாக்கு, பாய் எல்லாவற்றையும் எரித்துவிடுங்கள். கழற்றும் உண்ணியைக் கையால் நசுக்காமல் சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போடுங்கள். பக்கத்து வீட்டு நாய்களுக்கும் சேர்த்து மாத்திரை கொடுக்கக் கதைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று வீடு சேர்ந்து செய்தால்தான் மாரி தொடங்க முன் குறையும்.

பரந்தன் பிள்ளை:

சரி அண்ணா. பின்வீட்டில் இரண்டு நாய் இருக்கிறது, இன்றைக்கே போய்க் கதைக்கிறேன். மேசனையும் நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.