சிங்க் அடி ஆங்கிள் வால்வு: வாஷர் மட்டும் மாற்றினால் போதுமா?

வணக்கம். சிங்க்கின் அடியில் அரை இஞ்ச் ஆங்கிள் வால்வு (சுவரிலிருந்து சிங்க் குழாய்க்குப் போகும் தண்ணீரை அடைக்கும் வால்வு), பல சுற்று திருகும் பழைய ரகம். வலப்பக்கம் முழுதாக மூடினாலும் குழாயில் நூல்போல் தண்ணீர் வருகிறது. உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். கைப்பிடிக் கழுத்தில் இருந்த கசிவு வேறு. கைப்பிடித் தண்டைச் சுற்றியுள்ள கிளாண்ட் நட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கியதும் நின்றது. (ரொம்ப இறுக்கினால் கைப்பிடியே அசையாது.) ஸ்பேனர் போட்டு பலமாக மூடினால் வாஷர் போய் அமரும் சீட்தான் பாழாகும், அதனால் அதைச் செய்யவில்லை.

மெயின் வால்வை மூடி, குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, ஸ்பிண்டிலை (கைப்பிடித் தண்டை) கழற்றி வாஷர் மட்டும் மாற்றலாமா? இல்லை, கால் சுற்றில் மூடும் செராமிக் டிஸ்க் வால்வே போட்டுவிடலாமா? பயம் ஒன்றுதான்: சுவருக்குள் வால்வு மாட்டியிருப்பது பழைய ஜி.ஐ. நிப்பிள் (துத்தநாகம் பூசிய இரும்பின் சிறு குழாய்த் துண்டு). வால்வைக் கழற்றும்போது அது உள்ளேயே முறியாமல் எப்படிப் பிடிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.